லயம் தெரியாத கம்ப்யூட்டர்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று எங்கள் தோட்டத்தில் யாருக்கும் என்னால் விளங்கவைக்க முடிந்ததில்லை. ஆரம்பத்தில் உள்ளதை உள்ளபடியே சொல்லிப் பார்த்தேன். "கம்ப்யூட்டருக்கு வாசிக்கச் சொல்லிக் குடுக்கிறேங்க" என்றேன். அடுத்த வீட்டு அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன் தம்பி, மனுசப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்க டீச்சர் இல்லாம ஸ்கூல்ல வகுப்பு காலியாக் கெடக்குது. நீங்க போய் மிசினுக்குச் சொல்லிக் குடுக்கிறீங்களே" என்றார். அன்றோடு அவருக்கு விளக்குவதை நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் தோட்டம் தெஹியோவிட்டவிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. இறப்பர்த் தோட்டம். என் மனைவி விடிந்ததும் பால் வெட்டப் போய்விடுவாள். நான் வீட்டு முன்பக்க இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு பிளாஸ்டிக் மேசையைப் போட்டு, கம்பெனி கொடுத்த லேப்டாப்பைத் திறந்து உட்காருவேன். உள்ளே உட்கார்ந்தால் சிக்னல் வராது. அதனால் போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் என் வேலை ஒரு கண்காட்சி. பெண்சாதி வேலைக்குப் போக, ஆம்பிளை நிழலில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றால் ஊர் என்ன பேசும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வேலை இதுதான். கொழும்பில் ஒரு சின்னக் கம்பெனி. அவர்கள் ஒரு புரோகிராம் செய்கிறார்கள். இணையத்தில் கிடக்கும் தமிழ்ப் பக்கங்களையெல்லாம் அது விழுந்து விழுந்து வாசித்து, யார், எங்கே, என்ன செய்கிறார் என்று விஷயம் சேர்க்க வேண்டும். பிறகு யார் கேள்வி கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு எழுத்துத்தான் தெரியும், விஷயம் தெரியாது. கேகாலை என்பது ஊரா, ஆளா, பலகாரமா என்று அதற்கு ஒரு எண்ணமும் கிடையாது. காட்டிக்கொடுக்கத்தான் எங்களைப் போன்றவர்கள். திரையில் ஒரு வாக்கியம் வரும். ஆளின் பெயருக்குப் பச்சை, இடத்துக்கு நீலம், தொழிலுக்கு மஞ்சள் பூச வேண்டும். இடம் என்றால் என்ன வகை இடம் என்றும் பக்கத்தில் எழுத வேண்டும். பிறகு எது எதோடு சேரும் என்று அம்புக்குறி இழுக்க வேண்டும். இப்படிக் கொஞ்சநாள் காட்டிக்கொடுத்தால் அது தானாக வாசிக்கத் தொடங்கும். கண்டுபிடித்ததைக் கொண்டுவந்து "சரியா, பிழையா?" என்று எங்களிடம் கேட்கும். கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்றை அமுக்க வேண்டும்.

இந்த நிறம் பூசும் வேலைக்குக் கம்பெனியில் 'குறி போடுதல்' என்று பெயர். அதை நான் ஒரு நாள் வாய்தவறி வெளியே சொல்லிவிட்டேன். சாயந்தரத்துக்குள் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. பரவும்போது கொஞ்சம் மாறியும் விட்டது. நான் கம்ப்யூட்டரில் குறி சொல்கிறேனாம்.

மறுநாள் காலையில் கீழ் வரிசை வீட்டு அம்மா ஒருவர் தேசிக்காய், வெற்றிலை, சூடத்தோடு வந்து நின்றார். மகனுக்குக் கட்டார் விசா எப்போது வரும் என்று கேட்டார். "ஐயோ, அது வேற குறிங்கம்மா, இது வேற குறி" என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரி, பார்த்தால் நம்புவார் என்று லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். என் கெட்ட நேரம், அப்போது திரையில் இருந்தது கட்டாரில் நடந்த ஒரு பந்தாட்டத்தைப் பற்றிய செய்தி. கட்டார் என்ற சொல்லுக்கு நானே நீலம் பூசி வைத்திருந்தேன். அந்த அம்மா எழுத்துக்கூட்டி அதை வாசித்துவிட்டு அப்படியே கும்பிட்டார். கொஞ்சநாளில் மகனுக்கு விசாவும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் சொல்லும் மறுப்பை நம்ப ஆள் இல்லை.

என் மனைவிக்கு இதில் பெரிய ஆட்சேபணை இல்லை. "தேசிக்காய் வருதுல்ல, ஊறுகா போட்டுக்கலாம்" என்பாள். அவளுடைய கவலை வேறு. அந்தக் கவலைக்குக் கேகாலையில் ஒரு கடை இருந்தது.

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், கேகாலை பஜாரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார். தோட்டத்தில் பிறந்து, கடைச் சிப்பந்தியாக டவுனுக்குப் போய், தானே முதலாளியானவர். கெட்டிக்காரர். ஆனால் தன்னைப் போலவே எல்லாரும் கடையில் நின்றால்தான் உருப்படுவார்கள் என்ற எண்ணம் உள்ளவர். என் வேலை அவருக்கு வேலையாகவே படவில்லை. என்னைத் தன் கடையில் நிறுத்திவிட வேண்டும், கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் எங்கள் இரண்டு பேரையும் குடிவைக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். எனக்கு ஆணிக்கும் ஸ்குரூவுக்கும் உள்ள வித்தியாசமே சரியாகத் தெரியாது. என் மனைவிக்கோ அந்தப் பின் அறை என்றாலே பயம். அதன் ஒற்றைச் சன்னல் அண்ணி சமைக்கும் குசினிக்குள் திறக்கும்.

"அண்ணி நல்லவங்கதான். ஆனா நான் தும்மினாக்கூட ஏன் தும்மினேன்னு கேப்பாங்க. இங்கன்னா நான் என் பாட்டுக்கு இருக்கிறேன். ஒங்க வேலைய எப்படியாவது காப்பாத்திக்கிடுங்க" என்றாள்.

காப்பாற்றிக்கொள்வதுதான் கஷ்டமாக இருந்தது. என்னை எடுத்திருந்தது பரீட்சார்த்தமாக. அதுவும் ஒரு குறிப்பான காரணத்துக்காக. தோட்டங்களைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களைப் புரோகிராம் சரியாக வாசிக்க வேண்டும், அதற்குத் தோட்டத்து ஆள் ஒருவர் வேண்டும் என்று எடுத்திருந்தார்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு பேர் தனித்தனியாகக் குறி போடுவோம். நான் ஒருவன். மற்றவர் யாழ்ப்பாணத்திலிருந்து வேலை செய்யும் ஒரு அக்கா. இரண்டு பேரும் ஒரே மாதிரிப் போட்டால்தான் புரோகிராம் அதைச் சரியாகப் படிக்கும். மாறி மாறிப் போட்டால் அது குழம்பிப்போகும். நாங்கள் இரண்டு பேரும் தமிழர்கள்தான், தமிழ்தான் வாசித்தோம். ஆனால் நான் கிழக்கே போனால் அக்கா மேற்கே போனார்.

'துரை' என்று வந்தால் நான் மஞ்சள் பூசுவேன். தோட்டத்து மெனேஜருக்குத் துரை என்றுதானே சொல்வோம். அக்கா பச்சை பூசுவார். அவர் வீடு இருக்கும் ஒழுங்கையிலேயே அந்தப் பெயரில் ஒருவர் இருந்தாராம். புரோகிராம் என்ன செய்யும், பாவம். துரை என்று ஒரே ஒரு ஆள் இருக்கிறார், அவர் இலங்கையின் எல்லாத் தோட்டங்களையும் தனியாக நடத்துகிறார், அடிக்கடி மாற்றலாகிப் போய் அடுத்த நாளே புதிதாக வந்து பொறுப்பெடுக்கிறார் என்று முடிவுகட்டியது. உதவி மெனேஜரான சின்ன துரை அவருடைய மகன் என்றும் தானாகக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தது. சரியா, பிழையா என்று கேட்டது.

கண்டக்டர் ஐயாவும் அப்படித்தான். தோட்டத்தில் அவர் வேலை பார்வையிடும் உத்தியோகத்தர். "கண்டக்டர் ஐயா வேலைக்காட்டில் நின்று சத்தம் போட்டார்" என்று ஒரு வாக்கியம். புரோகிராம் அதிலிருந்து, எங்கள் வேலைக்காட்டுக்கு பஸ் போகிறது என்று தெரிந்துகொண்டது. எங்கள் ரோட்டுக்கே பஸ் ஒழுங்காக வருவதில்லை.

எல்லாவற்றையும்விட மோசம் லயம். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். அதை நாங்கள் வைக்கவில்லை, லைன் என்று வெள்ளைக்காரன் சொன்னது எங்கள் வாயில் அப்படி ஆனது. ஆனால் இணையத்தில் தமிழில் லயம் என்று தேடினால் சுருதியும் தாளமும்தான் கொட்டிக் கிடக்கிறது. அக்கா அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம். கடைசியில் "தோட்டத் தொழிலாளர்கள் பல தலைமுறைகளாக லயத்தில் வாழ்கிறார்கள்" என்ற வாக்கியத்தை வாசித்த புரோகிராம், இந்த மக்கள் பரம்பரை பரம்பரையாகச் சங்கீத ஞானம் உள்ளவர்கள் என்று எழுதிவைத்தது.

இதை என் மனைவியிடம் சொன்னபோது, பால் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தவள் சிரித்துச் சிரித்து அதைக் கீழே போட்டுவிட்டாள். அப்போது அடுத்த வீட்டுக் காம்பராவில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது, அதற்கடுத்த வீட்டில் புருஷனும் பெண்சாதியும் சண்டை. "கேளுங்க, கேளுங்க, நல்ல லயமா இருக்கு" என்றாள்.

அன்றைக்கே இன்னொன்றும் வந்தது. "பால், கிடைக்கும் இடம், மரம். சரியா, பிழையா?" நான் சரி என்று அமுக்கினேன். அக்கா பிழை என்று அமுக்கினார். மனைவியிடம் நியாயம் கேட்டேன்.

"பால் மரத்துலதான் வருது. மாட்டுல வாறது வேற பால்" என்றாள். அவளுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை.

மாத நடுவில் கொழும்பிலிருந்து கூப்பிட்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் மேலே இருப்பவர் ஒரு சிங்களத் தம்பி. கெட்டிக்காரப் பையன், மரியாதையானவர், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. வயதில் சின்னவர் என்றாலும் நான் சேர் என்றுதான் சொல்வேன். மூன்று பேரும் வீடியோவில் உட்கார்ந்தோம். இரண்டு தமிழர்களுக்கிடையில் தமிழ்ச் சொல்லுக்கு வந்த வழக்கைச் சிங்களத்தில் விசாரித்தார்கள்.

"லயம் கிவ்வே மொக்கத்த?" என்று கேட்டார். லயம் என்றால் என்ன என்று.

அக்காதான் முதலில் பேசினார். "தம்பி, லயம் எண்டால் பாட்டுத்தானே? நீங்கள் ஏன் இடமெண்டு நீலம் பூசியிருக்கிறியள்? எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்றார். அவருக்குச் சிங்களம் வராது. நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சேரிடம் இரண்டே சொல் சொன்னேன். "லயின் காமர, சேர்." லைன் வீடுகள் என்று.

"ஆ, லயின் காமர!" என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. தமிழ் தெரியாத ஆளுக்கு ஒரு நொடியில் விளங்கிய தமிழ்ச் சொல் அது. நான் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தேன். இஸ்தோப்புக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்து ஒரு கண் சிமிட்டல்கூடச் செய்தேன். அங்கே நிறுத்தியிருக்கலாம்.

அக்கா சும்மா விடவில்லை. "சரி தம்பி, அது எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்ளுறன். அப்ப எங்கட சனத்தின்ர வளவுக்கெல்லாம் மாளிகை எண்டு ஏன் போட்டு வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டார்.

எனக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. எங்கள் சப்பிரகமுவப் பக்கம் பழைய சிங்களப் பிரபுக்களின் மாளிகைக்கு வளவ்வ என்று பெயர். கேகாலையிலும் இரத்தினபுரியிலும் தேக்கு மரக் கதவும் பெரிய முற்றமுமாக அவை இன்னும் நிற்கின்றன. யாழ்ப்பாணத்துக் கதைகளிலும் செய்திகளிலும் வளவு வளவு என்று வந்தபோது, நான் அதைத்தான் நினைத்தேன். 'அவருடைய வளவில் ஒரு முருங்கை நின்றது' என்று வந்தால் மாளிகை. 'வளவுக்குள் மாடு பூந்துவிட்டது' என்று வந்தாலும் மாளிகை. ஏழை விதவை ஒருத்தி தன் வளவைக் கூட்டிப் பெருக்கினாள் என்று வந்தபோதுகூட எனக்குச் சந்தேகம் வரவில்லை. இவ்வளவு பெரிய மாளிகையைத் தனி ஆளாகப் பெருக்குகிறாளே என்று பரிதாபம்தான் வந்தது.

"வளவு எண்டால் வீட்டைச் சுத்தியிருக்கிற காணி, தம்பி. வெறும் காணி" என்றார் அக்கா. சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. சேர் என்ன சிரிப்பு, என்ன சிரிப்பு என்று கேட்டார். அக்காவால் சொல்ல முடியாது. என் முட்டாள்தனத்தை நானே உட்கார்ந்து சிங்களத்தில் மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. அவரும் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். ஆக எங்கள் புரோகிராமின் கணக்குப்படி வடக்கில் உள்ள எல்லாரும் மாளிகையில் வாழ்ந்தார்கள், தோட்டத்தில் உள்ள எல்லாரும் சங்கீதத்தில் வாழ்ந்தார்கள். ஒரு பாவப்பட்ட மிசினை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இந்தப் பாடு படுத்தியிருந்தோம்.

சிரித்து முடித்த பிறகு சேர் விஷயத்துக்கு வந்தார். குறியை நாங்கள் பேசித் திருத்திக்கொள்ளலாம், அது பெரிய காரியமில்லை. உண்மையான பிரச்சினை வேறு. தோட்டத்தைப் பற்றித் தமிழில் உள்ள பக்கங்கள் மிகவும் குறைவு. இருப்பவையும் ஒரே மாதிரி. கோரிக்கை, போராட்டம், மண்சரிவு, அமைச்சர் வருகை. லயம் என்ற சொல் ஒரு செய்தியில் ஒரு தடவை வந்துவிட்டுப் போனால் புரோகிராமால் கற்றுக்கொள்ள முடியாது. பல பேர் பல விதமாகப் புழங்கி எழுதியிருக்க வேண்டும். "மாதக் கடைசிவரை பார்ப்போம். சரிவராவிட்டால் தோட்டத்துப் பகுதியை விட்டுவிடுவோம்" என்றார். தோட்டத்துப் பகுதியை விடுவது என்றால் என்னை விடுவது. அவர் அதை வாய்விட்டுச் சொல்லாத அளவுக்கு நல்ல பையன்.

கூட்டம் முடிந்ததும் என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "வளவ்வ ஹாமு சாப்பிட வாறீங்களா?"

சிங்களத்தில் அது மாளிகைப் பிரபுவைக் கூப்பிடும் மரியாதை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சோற்றைப் போட்டுவிட்டு, மூலையில் கிடந்த பெட்டியை இழுத்துத் தூசு தட்டினாள். அவள் மனதில் பின் அறையின் சன்னல் திறந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

பௌர்ணமிப் போயா நாளன்று கடை லீவு என்பதால் மச்சான் நேரிலேயே வந்துவிட்டார். வரும்போதெல்லாம் கடையில் விற்காமல் நின்ற பெயின்ட் டின் ஒன்றைக் கொண்டுவருவார். எங்கள் கதவு அதனால் மூன்று நிறத்தில் இருக்கிறது. இந்தத் தடவை ஒரு மாதிரியான ஊதா. டின்னை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாப்ள, மிசினுக்குச் சொல்லிக் குடுத்தது போதும். அது என்னதான் படிச்சிருக்குன்னு நானும் பாக்கிறேன். என் கடையப் பத்திக் கேளுங்க" என்றார்.

கடைக்கு ஒரு ஃபேஸ்புக் பக்கம் உண்டு. மச்சானே எழுதுவார். புரோகிராம் அதை வாசித்திருக்கும் என்ற தைரியத்தில் கடையின் பெயரைப் போட்டுக் கேட்டேன். பதில் வந்தது. "கேகாலையில் உள்ள கடை. கிடைக்கும் பொருள்: பூட்டு. போயா நாட்களில் கிடைக்கும்."

மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. "என்னாது? பெயின்ட் விக்கிறேன், பைப் விக்கிறேன், சீமெந்து விக்கிறேன். பூட்டு ரெண்டே ரெண்டு தொங்குது கடையில. எவன் சொன்னது?"

சொன்னது அவரேதான். பக்கத்தைத் திறந்து காட்டினேன். ஒவ்வொரு போயாவுக்கும் மறக்காமல் எழுதியிருந்தார். 'இன்று போயா. கடை பூட்டு.'

என் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். மச்சானுக்குக் கோபம். "சரி, கடைய விடுங்க. நாங்க பொறந்த தோட்டத்தக் கேளுங்க, பாப்போம்" என்றார்.

நான் தயங்கினேன். அவர்கள் பிறந்தது அரநாயக்கப் பக்கத்தில் ஒரு தோட்டம். அந்தப் பக்கம் மலை சரிந்த வருஷத்தில், அவர்களுடைய லயமும் அபாயம் என்று சொல்லிக் காலிபண்ண வைத்தார்கள். அங்கே யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் திரும்பிப் போக இடமும் இல்லை. ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிப்போனார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மனைவி அந்தத் தோட்டத்தைப் பற்றி என்னிடம் பேசியதே இல்லை. நான் கேட்டால் "அதான் போச்சே" என்று சொல்லி அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

கேள்வியைத் தட்டினேன். "அரநாயக்கப் பகுதியில் உள்ள தோட்டம். மண்சரிவு அபாயம். மக்கள் வெளியேற்றப்பட்டனர்" என்று வந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

தேத்தண்ணியோடு வந்த என் மனைவி அதை வாசித்தாள். கோப்பையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

"அவ்வளவுதானா?" என்றார் மச்சான். அவருடைய குரல் இறங்கியிருந்தது. "நாங்க அங்க பொறந்தோம், வளந்தோம், அடிச்சுக்கிட்டோம், திருவிழா வச்சோம். எங்கள வெளிய போகச் சொன்னது மட்டுந்தானா இதுக்குத் தெரியும்?"

"நெட்ல அது மட்டுந்தான் இருக்கு மச்சான். யாரும் எழுதலன்னா இதுக்குத் தெரியாது."

அவர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்தார். படி இறங்கும்போதுதான் வந்த காரியம் ஞாபகம் வந்தது. "மாசக் கடைசி வரைக்குந்தான் மாப்ள. அதுக்கப்புறம் சாமானக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் கடைப் பக்கத்தில் ஒரு பதிவு வந்தது. 'பெயின்ட் வாங்குவோருக்கு பிரஷ் இலவசம் நாங்க பொறந்த லயம் மேல் டிவிசன்ல இருந்திச்சு எங்களது கடைசி காம்பரா காத்தடிச்சா முதல்ல எங்க தகரந்தான் பறக்கும்.' ஒரு முற்றுப்புள்ளி இல்லை. பிரஷ் எங்கே முடிகிறது, லயம் எங்கே தொடங்குகிறது என்று மனிதர்களுக்கே பிடிபடாது. என்றாலும் நான் இரண்டு தடவை வாசித்தேன். அதற்கடுத்த நாள் பிவிசி பைப்புக்கும் தள்ளுபடி விலைக்கும் நடுவில், துரை பங்களா நாய் துரத்தி இவர் சாக்கடைக் கானுக்குள் விழுந்த கதை. பிறகு கண்டக்டர் ஐயாவின் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிய கதை. பிரட்டுக்களத்தில், அதாவது காலையில் எல்லாரும் வேலைக்குக் கூடும் இடத்தில், தன் அம்மா ஒரு தடவை துரையையே எதிர்த்துப் பேசிய கதை. கடையில் ஆள் வந்து நின்றாலும் முதலாளி போனைத் தட்டிக்கொண்டே இருக்கிறாராம் என்று அண்ணி என் மனைவிக்குக் குறை சொன்னார்.

அதோடு நிற்கவில்லை. சிதறிப்போன சனம் எங்கெங்கிருந்தோ வந்து கீழே எழுதத் தொடங்கியது. பாராட்டவில்லை, சண்டைக்கு வந்தது. கடைசிக் காம்பரா உங்களதில்லை, எங்களது என்றார் ஒருவர். லயத்துக்குப் பின்னால் நின்ற பலா மரம் யாருடையது என்று பெரிய வழக்கு நடந்தது. கொழும்பிலிருந்து ஒருவர், சவூதியிலிருந்து ஒருவர், இரண்டு பேரும் மரத்தை விட்டுக்கொடுப்பதாக இல்லை. அந்த மரம் இப்போது இருக்கிறதோ என்னவோ. லயம் என்ற சொல் அந்தச் சண்டையில் எத்தனை விதமாகப் புரண்டது! லயத்துக் கோடி, லயத்து நாய், மேல் லயத்தான், கீழ் லயத்தான். எங்கள் புரோகிராம் எல்லாவற்றையும் ஒரு வரி விடாமல் வாசித்துக்கொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்து அக்கா கூப்பிட்டார். "தம்பி, ஆர் இந்தப் பெயின்ற் கடைக்காரர்? நல்லா எழுதுறார். காலமை எழும்பினவுடன அவர் போட்டிருக்கிறாரோ எண்டுதான் முதல்ல பாக்கிறன். லயம் எனக்கு இப்ப வடிவா விளங்கிட்டுது. தகரம் பறக்கிறது எண்டால் அது பாட்டா இருக்கேலாதுதானே?"

என் மச்சான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அவரை நினைத்து அவ்வளவு பெருமைப்பட்டது அதுதான் முதல் தடவை. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பதிவுகளுக்குக் குறி போட்டோம். அநேகமாக எல்லாம் ஒத்துப்போயின. மாதம் முடிவதற்குள் புரோகிராம், யாரும் காட்டிக்கொடுக்காத ஒரு புதுப் பக்கத்தில் லயம் என்ற சொல்லுக்குத் தானாக நீலம் பூசிக்கொண்டு வந்து நின்றது. துரைக்கு மஞ்சள் பூசியது. சின்ன துரை அநாதையானார். சேர் பார்த்துவிட்டு "ஹரி, கரகென யமு" என்றார். சரி, தொடர்ந்து செய்வோம் என்று அர்த்தம். எனக்கு அந்தச் சிங்களம் அன்றைக்கு நாதஸ்வரம் மாதிரிக் கேட்டது.

மச்சானுக்குச் செய்தி சொல்லும் பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டாள். "அண்ணே, நீங்க எழுதினத வாசிச்சுத்தான் மிசின் தேறியிருக்கு. இவருக்கு வேலை நிரந்தரமாயிருச்சு."

"அப்ப கடைக்கு?"

"வரமாட்டாருங்க அண்ணே."

"அப்ப நானே என் தலையில மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேனா?" என்று கத்தினார். ஆனால் அவ்வளவு கோபமாகக் கத்தவில்லை. "சரி, அந்த மிசின் இன்னமும் நம்ம கடையப் பூட்டுக் கடைன்னுதான் சொல்லுதா?"

"ஆமாங்க மச்சான். அதுல மட்டும் இன்னும் திருந்தல" என்றேன்.

பத்து நாள் போயிருக்கும். காலையிலிருந்து மழை. மழை என்றால் பால் வெட்டு இல்லை. மனைவி வீட்டிலிருந்தாள். நான் வழக்கம்போல வேலையில் இருந்தேன். அப்போது திரையில் ஒன்று வந்தது. மச்சான் எழுதியதிலிருந்து புரோகிராம் பொறுக்கி எடுத்தது. என் மனைவியின் பெயர், அதிலிருந்து ஒரு அம்பு, 'பிறந்த இடம்', அதிலிருந்து ஒரு அம்பு, அந்தத் தோட்டத்தின் பெயர். சரியா, பிழையா?

என் கை பொத்தானுக்குப் போய்விட்டது. பிறகு எடுத்துக்கொண்டேன். இதை அமுக்க நான் யார் என்று தோன்றியது. அவளைக் கூப்பிட்டேன்.

வந்து நின்று வாசித்தாள். "இது நானா?"

"நீதான்."

"என்னையவா கேக்குது?"

"ஆமா. சரியா, பிழையான்னு ஒன்னையத்தான் கேக்குது."

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். கை ஈரமாகக்கூட இல்லை. ஒற்றை விரலால், சுடுமோ என்று பார்ப்பவளைப் போல, 'சரி' என்பதை அமுக்கினாள். அது மறைந்து அடுத்தது வந்துவிட்டது. யாரோ ஒரு அமைச்சர் எங்கோ ஒரு பாலத்தைத் திறந்துவைத்திருந்தார். அவள் நகரவில்லை. போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அண்ணே பாதிதான் எழுதியிருக்கு" என்றாள். "லயத்துக்குப் பின்னால ஒரு பீலி இருந்துச்சு. மலையிலருந்து தண்ணி கொட்டும், பல்லெல்லாம் கூசும். நான் குளிக்கப் போனா அண்ணே ஒளிஞ்சு வந்து தள்ளிவிட்டுட்டு ஓடிரும். அத எழுதிச்சா பாருங்க. எழுதாது."

சொல்லிவிட்டு மச்சானின் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுக்குச் சொல்ல இன்னும் இருந்தது என்று தெரிந்தது. நான் லேப்டாப்பை மூடிவிட்டு, "அப்புறம்?" என்றேன்.